இரும்புச் சக்கரத்தைக் குப்புறப் போட்டுப் பாருங்கள்

என் ஜிம்னியின், அதாவது சுசுகியின் சின்ன 4x4 வண்டியின், அலுமினிய அலாய் வீலில் ஒன்று போன வருடம் பாறையில் மோதி விரிசல் விட்டது. தப்பு என்னுடையதுதான். டயரில் காற்றை 14 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டு, ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் அவசரப்பட்டேன். உள்பக்க விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. பார்த்தால் தலைமுடி ஒட்டியிருப்பது போலத்தான் இருந்தது. சோப்புத் தண்ணீரை ஊற்றியதும் அந்த முடி முழுக்க நுரை. அதை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. வார்ப்பு அலுமினியத்தில் விரிசலை அடைத்துவிட்டு, அதை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. சரி, இரும்புக்கே மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

மாறி 14 மாதம் ஆகிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரங்கள். 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம், ஆஃப்செட் 0, கறுப்பு பவுடர் கோட்டிங், சுற்றிலும் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஓட்டைகள். ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. அதில் கால்வாசியாவது கல்லும் சேறும். தயாரித்தவர் பெயரை எழுதப் போவதில்லை. இதே சக்கரம் நாலைந்து ஸ்டிக்கர்களோடு விற்கிறது. பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும். நான் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அளவுகள். ஜிம்னிக்கு ஐந்து போல்ட். ஐந்தும் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 139.7 மில்லிமீட்டர். ஐந்தரை அங்குலத்தை மில்லிமீட்டரில் எழுதியதுதான் அந்த விசித்திர எண். பழைய ஜீப், ஜிப்ஸி, லாடா நிவா, பழைய டாட்ஜ் ராம் 1500 என்று இந்த அளவுக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். அதனாலேயே "ஐந்து போல்ட், 139.7, கண்டிப்பாகப் பொருந்தும்" என்று விற்பவர்களும் நிறையப் பேர். நானும் கிட்டத்தட்ட ஏமாந்திருப்பேன். நிவாவுக்கான ஒரு செட் நல்ல நிலையில் கிடைத்தது. போல்ட் கணக்கு எல்லாம் சரி. ஆனால் நிவா சக்கரத்தின் நடு ஓட்டை சுமார் 98 மில்லிமீட்டர், ஜிம்னியின் ஹப்போ, அதாவது சக்கரம் மாட்டும் அச்சு முனையோ, 108. ஐந்து போல்ட்டும் கச்சிதமாக நேர்ப்படும், சக்கரம் மட்டும் உட்காராது. "லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் சார்" என்றார் விற்றவர். நடு ஓட்டைக்கும் போல்ட் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச இரும்புதான் சக்கரத்தையே தாங்குகிறது. அதைச் சுரண்டி எடுப்பதா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பெரிய வண்டிகளின் சக்கரம் நேர்மாறான கதை. நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் ஏறிவிடும், ஆனால் ஹப்பின் மேல் உட்காராது. நட்டுகளின் கூம்பு மட்டுமே அதை நடுவில் நிறுத்தும். இரும்புச் சக்கரங்களில் இது சகஜம், குற்றமும் இல்லை. ஆனால் அப்போது நட்டும் அது உட்காரும் குழியும் சுத்தமாக இருந்தாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

அடுத்தது ஆஃப்செட். பலரும் குழம்பும் இடம் இதுதான். சக்கரத்தின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் 0. முகம் வண்டியின் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் கூட்டல், உள்பக்கமாகத் தள்ளியிருந்தால் கழித்தல். கூட்டல் ஏற ஏறச் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும். கழித்தல் ஏற ஏற வெளியே பிதுங்கும்.

என் வண்டியோடு வந்தது 15க்கு 5.5, ஆஃப்செட் கூட்டல் 5. இப்போது இருப்பது 15க்கு 6, ஆஃப்செட் 0. தாளில் கணக்குப் போட்டால் புதுச் சக்கரத்தின் வெளி விளிம்பு 11 மில்லிமீட்டர் வெளியே வருகிறது, உள் விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர்கூட உள்ளே போகவில்லை. அதாவது சஸ்பென்ஷன் பக்கம் எதுவும் இடிக்காது, மட்கார்டுக்கு வெளியேயும் துருத்தாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவர் இதே வண்டிக்கு 15க்கு 7, கழித்தல் 19 போட்டார். அதே கணக்கில் அவருக்கு வெளி விளிம்பு 43 மில்லிமீட்டர் தள்ளி வந்தது. நின்றால் பார்க்க எருமை மாதிரி கம்பீரம்தான், மறுக்கவில்லை. சரிவான பாதையில் கொஞ்சம் கூடுதலாகக் காலூன்றி நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் முன் பம்பரின் ஓரத்தை உரசியது, அந்த ஓரத்தை வெட்டினார். ஒரு சக்கரம் மட்டும் கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை உதறியது. சக்கரம் வெளியே போகப் போக டயரின் நடுப்பகுதி ஸ்டியரிங் திரும்பும் அச்சைவிட்டு விலகுகிறது, தரையில் படும் ஒவ்வொரு அடியும் நெம்புகோல் வைத்த மாதிரி கைக்கு வருகிறது. வீல் பேரிங்குக்கும் அதே கதி. இதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மழையில் ஓட்டிவிட்டு இறங்கும்போது கதவுக் கைப்பிடி, கண்ணாடி, சில சமயம் அவர் சட்டை எல்லாவற்றிலும் சேறு. அதற்குத்தான் கடைசியில் நொந்தார். மட்கார்டைத் தாண்டிச் சக்கரம் துருத்துவதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில தயாரிப்பாளர்கள் ஆஃப்செட் எழுதாமல் 'பேக்ஸ்பேஸ்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அது உள் விளிம்பின் ஓரத்திலிருந்து ஹப் முகம் வரை உள்ள ஆழம். விளிம்புகளின் தடிமனும் சேருவதால், 6 அங்குலம் என்று எழுதிய சக்கரத்தின் முழு அகலம் ஏறத்தாழ 7 அங்குலம் வரும். ஆஃப்செட் 0 என்றால் பேக்ஸ்பேஸ் மூன்றரை அங்குலம். சக்கரத்தைக் குப்புறப் போட்டு, குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, ஸ்கேலை நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நம்பாமல் ஐந்தையும் இப்படித்தான் அளந்தேன். ஐந்தும் சரியாகவே இருந்தன.

அகலத்தை 6 அங்குலத்தோடு நிறுத்தியதற்கு டயர்தான் காரணம். நான் போட்டிருப்பது 215/75 ஆர்15. அந்த அளவுக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை ரிம் போடலாம். 7 என்பது எல்லைக்கோடு. அதில் டயரின் பக்கச்சுவர் விறைத்து நேராக நிற்கும், ரிம்மின் விளிம்பு பாறைக்கு நேராக முகத்தைக் காட்டும். 6இல் பக்கச்சுவர் ரிம்மைத் தாண்டிக் கொஞ்சம் புடைத்து நிற்பதால் முதல் அடி ரப்பருக்கு விழுகிறது. காற்றை இறக்கி ஓட்டும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழலாமல் இருக்கவும் ஒடுங்கிய ரிம்தான் நல்லது. அகலமான ரிம் என்றால் சாலைக்கு வெளியேயும் நல்லது என்று எப்படியோ ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. கல்லில் ஓட்டுபவர்கள் அதை நம்ப வேண்டாம்.

கடைக்குப் போனால் சக்கரத்தை முகம் தெரிய வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். சக்கரத்துக்கு முதுகைப் பார்க்க வேண்டும். குப்புறப் போடச் சொன்னதும் கடைப்பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பரவாயில்லை.

இரும்புச் சக்கரம் இரண்டு துண்டு. தகட்டை அழுத்தி உருவாக்கிய தட்டு ஒன்று, சுருட்டி உருவாக்கிய வளையம் ஒன்று. இரண்டையும் சேர்ப்பது வெல்டிங். அது முழுச் சுற்றாக இல்லாமல் விட்டுவிட்டு இருந்தாலும் தப்பில்லை, வண்டியோடு வருகிற சக்கரங்களே பல அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரே நீளமாக, மேலே ஊசி ஓட்டைகள் இல்லாமல், ஓரத்தில் இரும்பை அரிக்காமல் இருக்க வேண்டும். பெயிண்ட் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நகத்துக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது. நாலு சக்கரத்தில் குறை ஒன்றுமில்லை. ஒன்றில் ஓரிடத்தில் வெல்டிங் தொடங்கும் முனையில் ஒரு குழி. அதை அப்போதே மாற்றித் தரச் சொன்னேன், மாற்றினார்கள்.

முதுகில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். விட்டம், அகலம், ஆஃப்செட், தயாரித்த மாதம், தாங்கும் எடை. கடைசி எண் முக்கியம். வண்டியின் அச்சு ஒன்றுக்கு அனுமதித்த எடையில் பாதியைவிட அது தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். எடை அளவு பொறிக்காத சக்கரத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட வேண்டாம். அளவோடு 'ஹெச்2' என்று இருந்தால், டயரின் பீட், அதாவது ரிம்மில் பொருந்தும் தடித்த ஓரம், உட்காரும் இடத்தை அடுத்து இரண்டு பக்கமும் சின்ன மேடு ஓடுகிறது என்று பொருள். காற்றை இறக்கி ஓட்டும்போது பீட் உள்ளே நழுவாமல் தடுப்பது அந்த மேடுதான். விரலால் தடவினாலே தெரியும்.

வால்வு ஓட்டையில் இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது, 11.3 மில்லிமீட்டரும் 15.7 மில்லிமீட்டரும். பெரிய ஓட்டையில் சின்ன வால்வைச் சொருகினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது 11.3.

இனி குறைகள். பெரிய குறை நட் உட்காரும் குழியில் இருந்தது. கோட்டிங்கை அள்ளி அப்பியிருந்தார்கள். வெளியே அது நல்லது, இரண்டு மழைக்குத் தாங்கும். ஆனால் கூம்பு நட் வந்து அழுத்தும் குழிக்குள்ளும், ஹப்பில் பொருந்தும் முகத்திலும் அதே தடிமன். கடையில் மாட்டித் தந்தார்கள், கையேட்டில் சொன்ன 100 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து நானே இறுக்கினேன், ஐந்து நட்டையும் நட்சத்திர வரிசையில். 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி ரெஞ்ச் வைத்தேன். 20 நட்டும் நகர்ந்தன. சிலது கால் சுற்று.

ஒரு சக்கரத்தைக் கழற்றிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கோட்டிங் வெயிலில் வெடித்த வண்டல் மாதிரி பிளந்து, நட் அழுத்திய இடத்தில் வளையமாக நசுங்கி, ஓரத்தில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நட்டின் கூம்பில் கறுப்புத் தூள். விஷயம் புரிந்துவிட்டது. நட் இரும்பைப் பிடிக்கவில்லை, பெயிண்டைப் பிடித்திருக்கிறது. பெயிண்ட் நசுங்க நசுங்க இறுக்கம் குறைந்திருக்கிறது. அன்றைக்கு நிறுத்திப் பார்க்காமல் இரவு முழுக்க ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பட்டறை நண்பர் உடனே கிரைண்டரை எடுத்தார். "அண்ணே, வேண்டாம்" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். குழியின் சாய்வு 60 டிகிரி கூம்புக்கென்று அமைந்தது. கிரைண்டர் பட்டால் பெயிண்டோடு சேர்த்து இரும்பும் போகும், சாய்வும் கெடும். பெயிண்ட் ரிமூவரைச் சின்னத் தூரிகையால் குழிகளுக்குள் மட்டும் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவி அதால் சுரண்டினோம். 25 குழி. ஒரு நாள் பிற்பகல் முழுக்கப் போயிற்று. ஹப் முகத்தில் பொருந்தும் இடத்தையும் அப்படியே சுத்தம் செய்து, ஹப்பின் மேலிருந்த துருச் செதிலைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்தோம். அதற்குப் பிறகு மாட்டியதும் 80 கிலோமீட்டரில் ஒரு முறை, 200இல் ஒரு முறை பார்த்தேன். முதல் முறை இரண்டு நட் மட்டும் மயிரிழை நகர்ந்தன. அதன் பிறகு ஒன்றும் அசையவில்லை.

இதைக் கடையில் சொன்னபோது, "எல்லாரும் இப்படியேதான் சார் ஓட்டுகிறார்கள்" என்றார்கள். ஓட்டுவார்களாக இருக்கும்.

நட்டைப் பற்றி இன்னொன்று. சக்கரத்தோடு பளபளவென்று மூடிபோட்ட புது நட்டுகளைக் கொடுத்தார்கள். புரி சரி, 12க்கு 1.25. கூம்பும் சரி. ஆனால் இரும்புச் சக்கரத்தின் தட்டு அலாயைவிட மெலிசு. அலாயில் போல்ட்டின் பாதி நீளம் அதன் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும், இரும்பில் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நட்டின் மூடி ஆழம் குறைவாக இருந்தால் போல்ட்டின் நுனி மூடிக்குள் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், நட் இறுகியதாகக் கை நம்பும், சக்கரம் மட்டும் தளர்வாகவே இருக்கும். சந்தேகத்தில் ஒரு வேலை செய்தேன். நட்டுக்குள் கொஞ்சம் களிமண்ணை அழுத்தி வைத்து, சக்கரத்தோடு மாட்டி இறுக்கிக் கழற்றினேன். களிமண்ணில் போல்ட்டின் நுனி அடிவரை பதிந்திருந்தது. மீதி இடம் ஒரு தீக்குச்சித் தடிமன்கூட இல்லை. அந்தப் பளபளப்பு டப்பாவிலேயே தூங்குகிறது. வண்டியோடு வந்த பழைய நட்டுகளையே போட்டுவிட்டேன், அவற்றின் கூம்பும் இதற்குப் பொருந்துகிறது. உங்கள் வண்டி வேறு என்றால் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். டொயோட்டாவின் அலாய்களில் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட். அது இரும்புச் சக்கரத்தின் கூம்புக் குழியில் உட்காரவே உட்காராது.

அதிர்வுக்கு வருவோம். மாட்டிய முதல் வாரமே 85 முதல் 95 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்ஸிங் செய்தோம். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மறுபடி செய்தோம். எடை கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு, டயரில்தான் கோளாறு என்றார்கள். நான் வீட்டில் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு செங்கல்லின் மேல் பென்சிலைக் கட்டி, அதன் முனையை ரிம் விளிம்புக்கு ஒட்டினாற்போல் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். நாலில் மூன்று சக்கரத்தில் பென்சிலுக்கும் விளிம்புக்கும் இடைவெளி மாறுவது கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. முன் இடது சக்கரத்தில், ஒரு சுற்றில் ஒருமுறை விளிம்பு பென்சிலை இடித்தது, எதிர்ப்பக்கம் வரும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகியது. வளைந்த சக்கரத்துக்கு எவ்வளவு எடை கட்டினாலும் அது நேராகச் சுற்றாது. ஒரு மில்லிமீட்டர் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். வீடியோ எடுத்து அனுப்பினேன். மூன்று வாரம், நாலைந்து தொலைபேசி அழைப்பு, அதற்குப் பிறகு மாற்றுச் சக்கரம் வந்தது. சக்கரம் நல்லது, அந்த மூன்று வாரம் நல்லதில்லை.

மாற்றியபோது இன்னொன்றையும் செய்தோம். புது டயரின் பக்கச்சுவரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது டயரின் உயர்ந்த இடம். ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக அதை வைத்து ஏற்றினால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். வண்டியோடு வரும் ரிம்களில் சிலவற்றில் அந்தத் தாழ்ந்த இடத்துக்குச் சின்னக் குழி அடையாளம் இருக்கும். நாம் தனியாக வாங்கும் ரிம்மில் அதை எதிர்பார்க்க முடியாது. பென்சில் வைத்தே கண்டுபிடித்து சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன். இப்போது 100இல் கூட ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது.

ஆனாலும் மாதம் ஒருமுறையாவது நடுங்கும். பதறாதீர்கள், சேறு. இரும்புச் சக்கரத்தின் உள்பக்கக் குழிவில் களிமண் அப்பிக் காய்ந்தால் அரைக் கிலோ ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். முதல் தடவை பேலன்ஸிங் போய்விட்டது என்று பட்டறைக்கே ஓடினேன். இப்போதெல்லாம் தண்ணீர்க் குழாயை அந்த 'டி' ஓட்டைகளுக்குள் விட்டுக் கழுவிவிடுகிறேன். வட்ட ஓட்டை வைத்த மாடல்தான் பார்க்க அழகு. நான் 'டி'யை எடுத்தது கை நுழையும் என்பதற்காக. நான் எடுத்த முடிவுகளில் யோசித்து எடுத்தது அது ஒன்றாவது இருக்கிறதே.

சரி, எதற்காக வாங்கினேனோ அது நடந்ததா? நடந்தது. ஏழாவது மாதம், 16 பி.எஸ்.ஐ.யில், பின் வலது சக்கரம் ஒரு கூரான பாறை விளிம்பில் இறங்கியது. 'டங்'கென்று ஒரு சத்தம், தொடர்ந்து 'உஸ்ஸ்'. இறங்கிப் பார்த்தால் வெளி விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு உள்நோக்கி மடிந்திருந்தது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். மீதிக் காற்றையும் இறக்கி, டயரைக் காலால் மிதித்து ஒதுக்கி, மடிந்த இடத்துக்குள் மரக்கட்டையைக் கொடுத்து, இரண்டு கிலோ சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினோம். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கக் கூடாது. மடிப்பின் இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும். இருபது நிமிடம். கம்ப்ரஸரை மாட்டியதும் பீட் 'பட்'டென்று ஏறி உட்கார்ந்தது. 60 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்தேன், மறுநாள் காலையில் இரண்டு பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது, அவ்வளவுதான். அலாயாக இருந்திருந்தால் ஸ்டெப்னியை மாட்டியிருப்பேன். ஸ்டெப்னி ஏற்கெனவே போயிருந்தால் அங்கேயேதான்.

அதே சமயம் "இரும்பு உடையாது" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். வளையும், நிமிரும், ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் கடைசியில் என்ன ஆகிறது? அதேதான். அந்தச் சக்கரத்தில் டயரைக் கழற்றி, தட்டிய இடத்தில் பெயிண்டை எடுத்துவிட்டு, சிவப்புச் சாயம் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. அதே இடம் இன்னொரு தடவை மடிந்தால் நிமிர்த்த மாட்டேன், தூக்கிப் போட்டுவிடுவேன். இப்படி நிமிர்த்துவதும் விளிம்புக்கு மட்டும்தான். நடுத்தட்டு வளைந்தாலோ, போல்ட் ஓட்டையிலிருந்தோ வெல்டிங் ஓரத்திலிருந்தோ நூல் மாதிரிப் பழுப்புக் கோடு ஒன்று கிளம்பினாலோ அது துரு மட்டுமில்லை, விரிசலுக்குள்ளிருந்து கசியும் துரு. கழுவும்போதெல்லாம் அந்த ஓட்டைகளைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

துரு பற்றிச் சொன்னால், வெளிமுகம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. கல் பட்ட இடங்களில் மட்டும் புள்ளிப் புள்ளியாக. தட்டும் வளையமும் சேரும் அந்த இடுக்குதான் தொல்லை. தண்ணீர் அங்கே போய் நிற்கும், காற்றுப் படாது. நாலாவது மாதமே அங்கிருந்து பழுப்பாக ஒழுக ஆரம்பித்தது. உப்புத்தாளால் தேய்த்து, கதவு இடுக்குகளுக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரேயை அந்த இடுக்கு முழுக்கப் பாய்ச்சினேன். நின்றது. புதிதாக வாங்குபவர்கள் டயர் ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடலாம். பிரேக் பக்கமும், நட் குழியிலும், ஹப் முகத்திலும் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

எடை? குளியலறைத் தராசில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். பழைய அலாயைவிட ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ அதிகம். பெரிய டயரும் சேர்ந்தால் நாலரைக் கிலோ. ஸ்பிரிங்குக்குக் கீழே ஏறும் எடை இது. வண்டி மேட்டில் கிளம்பும்போது சற்று யோசிக்கிறது, அலையலையாக இருக்கும் மண் சாலையில் பின்பக்கம் முன்பைவிடக் கனமாகக் குதிக்கிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த நஷ்டத்துக்கு ஈடாக எதுவும் கிடைக்காது, அலாயே போதும். ஜிம்னியில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் அந்த நாலரைக் கிலோ கீலுக்கும் போகிறது. மாட்டும்போது பின்னாலிருக்கும் ரப்பர் தாங்கி டயரை அழுத்துகிறதா என்று பாருங்கள். என்னுடையது அழுத்தவில்லை, மேடுபள்ளத்தில் கதவு கடகடத்தது. தாங்கியைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்ததும் சத்தம் நின்றது.

விளிம்பைச் சுற்றி வெறும் அலங்காரத்துக்கு போல்ட் வைத்துப் 'பீட்லாக்' மாதிரி காட்டும் மாடலும் இதே வரிசையில் வருகிறது. டயரை அது பிடிப்பதில்லை. போல்ட் தலைகளுக்கு நடுவே சேறு சேர்வதற்குத்தான் அந்த வேலைப்பாடு. டயரின் பீட்டை போல்ட் போட்டு ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் உண்மையான பீட்லாக் வேறு விஷயம். அதன் போல்ட்டுகளை அடிக்கடி இறுக்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும். பல நாடுகளில் பொதுச்சாலைக்கு அனுமதியும் கிடையாது. எனக்கு இந்த 'ஹெச்2' மேடே போதுமானதாக இருக்கிறது. 14க்குக் கீழே நான் காற்றை இறக்குவதில்லை.

திரும்ப வாங்குவேனா என்றால், இதே அளவில், இதே 'டி' ஓட்டையில், ஆமாம். பெயிண்ட் அடிக்கும் முன் நட் குழிக்கும் ஹப் முகத்துக்கும் மூடி போட்டு அடிப்பவர் கிடைத்தால் அவரிடம். ஐந்தையும் சுற்றிக் காட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்வேன். பென்சில் என் பையிலேயே இருக்கும்.